துவக்கின் உதை

என் வலது தோளில் இன்று வடு எதுவும் இல்லை. எனினும் அவ்விடத்தைத் தடவும்போதெல்லாம் பெரியப்பாவின் இரட்டைக்குழல் துவக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

மலாயாவில் உத்தியோகம் பார்த்து, பென்சனுடன் வடமராட்சிக்குத் திரும்பிய பெரியப்பா கொண்டுவந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. யானையையும் காட்டெருமையையும் வீழ்த்துவதற்கென்றே ஆக்கப்பட்டது. நிறை 11 இறாத்தல். சன்னம் ஒன்று 32 கிராம். 1962 ஆம் ஆண்டில், எனக்குப் பதினாறு வயதானபோது, மணற்காட்டு மணற்குன்றின் முன்னே அதை என் கையில் கொடுத்தார்.

விசையை இழுத்தேன். மாடு முட்டியதுபோலப் பின்னே சாய்ந்தேன். பெரியப்பா, "நொந்ததோ தம்பி?" என்று கேட்டார். "இல்லை, பெரியப்பா" என்றேன். இரவில் அம்மாவுக்குத் தெரியாமல் கன்றிய தோளில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டேன். நான் சொன்ன அந்தப் பொய்க்கு வேறோர் உயிர் விலை கொடுக்க நேர்ந்தது.

ஆனையிறவைக் கடந்தால் வரும் பரந்தனில் பெரியப்பாவுக்கு வயல் இருந்தது. கதிர் முற்றும் காலத்தில் பன்றிகள் வரம்பை உழுது பயிரைச் சாய்த்துவிடும். ஒரு நிலவு இரவில் பரணிலே எனக்கு முறை வந்தது. பன்றி தெளிவாகத் தெரிந்தது. குறியும் சரியாக இருந்தது. ஆயினும் விசையைத் தொட்ட கணத்தில் கண்கள் தாமாக மூடின. பின்னங்கால் முறிந்த பன்றி அலறிக்கொண்டு பற்றைக்குள் மறைந்தது. பெரியப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. விடிந்ததும் இரத்தச் சுவட்டைப் பின்பற்றிப் போனார். நெடுநேரத்தின் பின் தொலைவில் ஒரு வெடி கேட்டது. அவ்வளவு நேரமும் அந்தப் பிராணி வேதனையில் கிடந்தது என்பதை எண்ணி நான் பரணின் கீழே தலைகுனிந்து நின்றேன்.

வீடு திரும்பிய பின்னர்தான் அவர் பேசினார். "உதை நோகும் எண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாம், தம்பி. நோவைக் குறைக்க வழி இருக்கு. மறைச்சால் வழி இல்லை."

அவர் காட்டிய வழிகள் பௌதிக பாடமாகவே அமைந்தன. தாக்கம் ஒவ்வொன்றுக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்று 1687 இல் நியூற்றன் எழுதிவைத்தார். 32 கிராம் சன்னம் செக்கனுக்கு 650 மீற்றர் வேகத்தில் முன்னே பாயுமாயின், 5 கிலோகிராம் துவக்கு செக்கனுக்கு 4 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னே வரும். வெடிவாயுவின் பங்கையும் சேர்த்தால் வேகம் இன்னும் கூடும். இதனை இல்லாமற் செய்ய எவராலும் இயலாது, பகிர்ந்தளிக்கவே இயலும்.

முதலாவது, நிறை. துவக்கின் நிறை இரு மடங்கானால் பின்வரும் வேகம் பாதியாகும். தோளைத் தாக்கும் சக்தியும் பாதியாகும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் வைத்திருந்த யானைத் துவக்கு 21 இறாத்தல் நிறையுடையது. 4 அவுன்ஸ் சன்னத்தையும் 1 அவுன்ஸ் மருந்தையும் தாங்க அத்தனை நிறை வேண்டியிருந்தது. பின்னர் ஆபிரிக்காவுக்கு அவர் கொண்டுசென்ற அதனினும் பெரிய துவக்கோ, 20 இறாத்தல் இருந்தும் அவரையே சுழற்றிவிட்டது. அதைத் தாம் அரிதாகவே சுட்டதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரியப்பா பிடங்கைத் துளைத்து ஓர் இறாத்தல் ஈயம் நிரப்பினார்.

இரண்டாவது, நேரமும் பரப்பும். பிடங்கின் அடியில் தடித்த இறப்பர் துண்டொன்றை வைத்துத் தோலால் தைத்தார். இறப்பர் அமுங்கும் சிறு நேரத்தில் அடி நீண்டு மென்மையாகிறது. அகன்ற பரப்பில் பரவுகிறது. மூன்றாவது, பிடி. துவக்கைத் தோளோடு இறுக அணைத்தால் உடம்பின் நிறையும் துவக்கோடு சேர்ந்துகொள்ளும். இடைவெளி விட்டால் அது ஓடிவந்து இடிக்கும். இக்காலத்தில் குழல்வாயில் துளையிட்டு வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவாரும் உளர். ஆனால் அருகில் நிற்பவரின் காதுக்கு அது பெருந்தீங்கு.

இவை யாவும் முடிந்து மீண்டும் மணற்குன்றின் முன் நின்றோம். முதல் வெடி தாங்கக்கூடியதாகவே இருந்தது. இரண்டாவது தோட்டாவைப் பெரியப்பாவே இட்டார். விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை, ஆயினும் குழல் தானாகத் தாழ்ந்தது, தோள் நெளிந்தது, கண் மூடியது. அவர் இட்டது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா! உதையே இல்லாத துவக்குக்கு அஞ்சி நான் நடுங்கியதை இருவரும் கண்டோம்.

ஈயமும் இறப்பரும் தோளைக் காத்தன. என் அச்சத்தை எனக்குக் காட்டியது அந்த வெற்றுத் தோட்டாதான். எது வெற்று, எது மெய் என்று அறியாதவாறு மாறி மாறி இட்டு, குழல் அசையாமல் நிற்கும்வரை பல மாலைகள் என்னைப் பழக்கினார்.

அதன்பின் நான் எந்த உயிரையும் சுட்டதில்லை. பெரியப்பாவும் வற்புறுத்தவில்லை. வெற்றுத் தோட்டா ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது இன்றும் என் மேசை இலாச்சியில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் விழுந்து எழுந்து, "நோகவில்லை" என்று சொல்லும்போது, அதை எடுத்துக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுவேன்.