கென்ரக்கி மலையடியில் ஒரு கல்லூரி

சென்ற சித்திரை மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திலே, லெக்சிங்ரன் நகரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தோம். ஒருநாள் அதிகாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியின் கடிதம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. எமது பெறாமகளுக்கு அந்நாட்டுச் சிறு கல்லூரிகள் இரண்டில் இடம் கிடைத்திருக்கிறதாம். மே மாதம் முதலாந் திகதிக்குள் எதை ஏற்பது என்று அறிவித்துவிட வேண்டுமாம். ஒன்று வடகிழக்கு மாநிலமொன்றிலுள்ள பெயர்பெற்ற கல்லூரி. செலவிற் பாதியைத் தானே ஏற்பதாக எழுதியிருந்தது. மற்றது பெரீயாக் கல்லூரி. “அது நீங்கள் நிற்கும் இடத்துக்குத் தெற்கே நாற்பது மைல்தான், அண்ணா. ஒருமுறை போய்ப் பார்த்து எழுதுங்கள். தேவையானால் தோட்டக்காணியை விற்றுவிடலாம்” என்று எழுதியிருந்தார். கீழே தம்பியின் மனைவியார் ஒரு வரி சேர்த்திருந்தார்: “அங்கே பிள்ளையைக் கூட்டித் துடைக்க விடுவார்களாமே, அத்தான்?”

பிள்ளையின் விருப்பம் எது என்பதைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்லேனும் இல்லை.

அமெரிக்காவில் இத்தகைய சிறு கல்லூரிகள் பல உண்டு. ஆயிரம், இரண்டாயிரம் மாணவரே பயில்வர். ஆசிரியர் மாணவரைப் பெயர் சொல்லி அழைப்பர். எம் நாட்டிற் போலப் பதினாறு வயதிலே கலை, வர்த்தகம், விஞ்ஞானம் என்று பிள்ளையைப் பிரித்துவிடாமல், உயிரியலும் வரலாறும் சங்கீதமும் சேர்த்துப் படிக்க விடுவர். இவ்வகைக் கல்வி எமக்குப் புதிதன்று. வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டு செமினரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரிற் பலர் இத்தகைய கல்லூரிகளிற் படித்தவர்களே. 1862ஆம் ஆண்டு தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்ட வின்சிலோ, மிடில்பரி என்னும் சிறு கல்லூரியின் மாணவர்.

இடர் யாதெனில் செலவு. பெயர்பெற்ற கல்லூரிகள் பலவற்றில் படிப்பு, இருப்பிடம், உணவு ஆகியன சேர்ந்து ஆண்டுக்கு 80,000 டொலருக்கு மேலாகின்றன. பாதி கழிந்தாலும் 40,000 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் ஓராண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம்; நான்கு ஆண்டுக்கும் ஐந்து கோடிக்குச் சற்றே குறைவு. தம்பியின் காணி முழுவதும் போனாலும் இரண்டாம் ஆண்டு முடிவுவரைக்கும் காணாது. பிள்ளை வைத்தியம் படிக்க விரும்பினாலோ, நான்கு ஆண்டு கழித்து வேறொரு கல்லூரியிற் புதுக் கணக்குத் தொடங்க வேண்டும்.

மறுநாட் காலை நண்பரின் காரிற் புறப்பட்டோம். லெக்சிங்ரனைச் சூழக் குதிரைப் பண்ணைகள். கண்ணுக்கெட்டிய தூரம் பசும்புல். தெற்கே போகப் போக நிலம் மெல்ல மேடுபட்டு, அப்பலாச்சிய மலைத்தொடரின் அடிவாரம் நீல நிறமாய்த் தோன்றிற்று. அங்கே ஒரு சிறு மேட்டில் பெரீயா அமைந்திருக்கிறது. கல்லூரியும் ஊரும் ஒன்றோடொன்று கலந்தவை. கல்லூரிக்குச் சொந்தமான பூன் ரவேர்ண் என்னும் பழைய ஹோட்டலில் (1909ஆம் ஆண்டு கட்டியது) சோளமா, பால், முட்டை சேர்த்துச் சுட்ட ஒரு பண்டத்தைக் கரண்டியால் உண்டோம். அதை ரொட்டி என்கிறார்கள். எமக்கோ களி போலவே தோன்றிற்று. சுவைக்குக் குறைவில்லை.

இக்கல்லூரியின் தொடக்கம் 1855ஆம் ஆண்டு. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டதும் அதே ஆண்டிலேதான். அடிமைகளை வைத்திருந்த குடும்பத்திற் பிறந்து, அடிமை முறையை வெறுத்த ஜோன் பீ என்னும் பாதிரியார் இதனைத் தொடக்கினார். 1859ஆம் ஆண்டு அவரையும் துணைவரையும் அயலார் மாநிலத்தை விட்டே துரத்தினர். உள்நாட்டு யுத்தத்தின் பின் அவர் மீண்டு வந்து, கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே வகுப்பில் இருத்தினார். 1904ஆம் ஆண்டு மாநிலம் அதனைச் சட்டத்தால் தடுத்தது. கல்லூரி வழக்காடி 1908இல் உயர் நீதிமன்றத்திலும் தோற்றது. 1950இல் சட்டம் தளர்ந்த பின்னரே பழைய வழக்கம் திரும்பியது.

1892ஆம் ஆண்டு தொடக்கம் இங்கே படிப்புக்குக் கட்டணம் அறவிடுவதில்லை. பதிலாக ஒவ்வொரு மாணவரும் வாரத்திற் குறைந்தது பத்து மணிநேரம் வேலை செய்ய வேண்டும். நாம் முதலில் எண்ணியது போல அவ்வுழைப்பினால் மட்டும் கல்லூரி நடைபெறவில்லை. கொடையாளர் விட்டுச்சென்ற பணத்தைச் செலவிடாது மூலதனமாகச் சேர்ப்பது என 1920இல் நிருவாகிகள் முடிவு செய்தனர். அதன் வருவாயே இன்று பெரும்பகுதியைத் தாங்குகிறது. பிறநாட்டு மாணவருக்கு முதலாண்டுச் செலவு முழுவதற்கும் உதவி உண்டு. பின்னர் அவர்கள் உழைத்துச் சேமித்து ஒரு சிறு பங்கு கட்டுகிறார்கள். ஆனால் வெளிநாடுகளிலிருந்து எடுப்பது ஆண்டுக்குச் சில பத்துப் பேரையே. அதிலும் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இடம். பணம் உள்ளவர் விரும்பினாலும் நுழைய முடியாத கல்லூரியை நாம் வேறெங்கும் கண்டதில்லை!

துடைப்பம் கட்டும் பட்டறைக்குள் புகுந்தோம். நெசவு, தச்சு, துடைப்பம் ஆகியன இங்கு நெடுங்காலத் தொழில்கள். எமது இறுங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு பயிரின் கதிர்களைச் சாயமிட்டு, தடியிற் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கொண்டிருந்தார் ஓர் இளைஞர். நிலக்கரி வெட்டும் மலைப்பகுதியைச் சேர்ந்தவர். கணினி விஞ்ஞானம் படிக்கிறாராம். வேலை கடினமா என்று வினவினோம். “பரீட்சை வாரத்தில் இந்தப் பத்து மணிநேரம் முள்ளாய்க் குத்தும்” என்றார் ஒளிக்காமல். “வெட்கமாயிருக்கிறதா?” என்றும் கேட்டோம். கேள்வி விளங்காதவர் போல எம்மை நோக்கினார். எல்லாரும் வேலை செய்யும் இடத்தில் யாரைப் பார்த்து யார் வெட்கப்படுவது? எமக்குத்தான் சற்று வெட்கமாயிற்று.

குறைகளும் கண்டோம். சிற்றூர், கடைத்தெருவை அரைமணி நேரத்திற் சுற்றிவிடலாம். மாரிக்குளிர் கடுமையானது. பெரிய கல்லூரிப் பெயர் திறந்துவிடும் சில கதவுகளை இந்தப் பெயர் திறக்குமா என்று தம்பி கேட்பார். சில திறவாமற் போகலாம். எனினும் கடனின்றி வெளியேறும் பிள்ளை அடுத்த கதவுக்காகச் சற்றுக் காத்திருக்கலாம்.

அன்றிரவே எழுதினோம்: காணியை விற்க வேண்டாம், விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் வழி பாருங்கள், முதலாண்டு வேலையைக் கல்லூரியே ஒதுக்கும், ஆம், கூட்டவும் விடுவார்கள், எல்லாரையும், இவையெல்லாம் எம் எண்ணம், பிள்ளையையும் ஒருமுறை கேளுங்கள். கைத்துடைப்பம் ஒன்றும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டோம், தம்பியின் மனைவியாருக்கு.

இரண்டு நாள் கழித்து வந்த விடையில் தம்பியின் எழுத்து இல்லை. காணி உறுதி பெட்டகத்துக்குத் திரும்பிவிட்டது என்றும், குளிர்ச்சட்டை அங்கே மலிவா, கொழும்பில் மலிவா என்றும் தாயார் கேட்டிருந்தார். அதன்கீழ்ப் பெறாமகள் எழுதியிருந்தாள்: “பெரியப்பா, நெசவுக்கு முதலாம் ஆண்டிலேயே விடுவார்களா?”