மூன்று விரல்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலடியில் உருள்வதுதான் தாடை மூட்டு. முதலில் கதவுக் கீல் மாதிரி சுழலும், பிறகு அப்படியே முன்னுக்கு வழுக்கி வரும். இரண்டு எலும்புக்கும் நடுவில் மெல்லிய தட்டு ஒன்று உண்டு. அது இடம் தள்ளிக் கிடந்தால், வாய் திறக்கையில் எலும்பு அதன்மேல் ஏறும்போது 'டக்'. வலியில்லாத 'டக்'குக்கு வைத்தியம் வேண்டாம். எத்தனையோ பேர் அதோடேயே கிழவராகிறார்கள்.

கவனிக்க வேண்டியது, அந்தச் சத்தம் ஒருநாள் திடீரென்று நின்று, வாயும் இரண்டு விரலுக்குமேல் திறக்க மறுக்கும்போது. தட்டின்மேல் ஏற முடியாமல் எலும்பு பின்னாலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். சத்தம் போனது நல்லதுக்கென்று இருந்துவிடக் கூடாது.

கொட்டாவி விட்ட வாய் மூடாமல் நிற்பது இதற்கு நேர் எதிர். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெருவிரலை வைத்துக் கீழும் பின்னுமாக அழுத்துவார்கள். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்தே இருக்கிற முறை. மூட்டு உள்ளே விழுகிற நொடியில் வாய் படக்கென்று மூடும்; அதனால் வைத்தியர் விரலில் துணி சுற்றிக்கொள்வார். வீட்டில் முயல வேண்டாம்.

வயலில் ஆணி ஏறி, சில நாளில் வாய் இறுகினால் அது ஏற்பு. யோசிக்க நேரமில்லை, ஆஸ்பத்திரிதான்.

*

நான் எழுத வந்தது இவை எதுவுமில்லை. 'டக்' இல்லாமல், மூட்டு வலியும் இல்லாமல், வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கிப்போகும் வாய் ஒன்றிருக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வயல். மத்தியானச் சோறு. ஒருவர் சோற்றை உருட்டாமல் தட்டையாக அமுக்கி, பல்லிடுக்கால் செருகிக்கொண்டிருந்தார். குழம்பைத் தொடவில்லை. சட்டித் தயிர் மட்டும்.

"உறைப்புப் பட்டா எரியுது மனே."

"வாய் எப்ப இருந்து இப்படி?"

"அது கனகாலம். முந்தி மாம்பழம் கடிச்சுத் திண்டனான். இப்ப கீறித் தந்தாத்தான்."

பொயிலை போடுவீங்களா என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "சீ, அதத் தொட்டதேயில்ல. பாக்கு மட்டுந்தான்."

பாக்குத்தான் காரணம். பாக்கிலுள்ள அரிகோலின் வாய்த் தோலுக்கு அடியிலிருக்கும் கலங்களைத் தூண்டி நார்ப்புரதத்தை மிகையாகச் சுரக்க வைக்கிறது. பாக்கில் செம்பும் அதிகம். அது அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்க உதவுகிறது. கன்னத்தின் உட்புறம் வெளிறும், தடவினால் கயிறு ஓடுவது விரலுக்குத் தெரியும். மூட்டு நன்றாகவே இருக்கும், கன்னம்தான் விடாது.

*

1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் இந்த வாய் இறுக்கத்தைப் பதிவு செய்தார். அவர் பார்த்தது கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களை. அடுத்த வருடம் பம்பாயில் ஜோஷி, தோலடி நாரிறுக்கம் என்ற பொருளில் பெயர் வைத்தார். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோய் உள்ள 66 பேரை 17 வருடம் வரை தொடர்ந்து பார்த்தபோது 5 பேருக்கு வாய்ப்புற்று வந்தது. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பதும் உதடு, வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய்தான்.

*

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலையைத்தான் புற்றுநோய்க் காரணி என்றது. புகையிலை இல்லாத வெற்றிலையும் தனிப் பாக்கும் அந்தப் பட்டியலில் ஏற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாய்வானில் வெற்றிலையோடு புகையிலை சேர்க்கும் வழக்கமே இல்லை, வாய்ப்புற்று அங்கேயும் நிறைய.

நம் சட்டமும் புகையிலையைத்தான் பிடித்தது. 2016இல் இலங்கை மெல்லும் புகையிலைப் பொருட்களைத் தடை செய்தது. நல்ல காரியம். ஆனால் பாக்கை யார் தடுப்பது? கலியாணத்துக்குச் சொல்ல வட்டாவில் வெற்றிலை பாக்கு, சடங்குக்கு வெற்றிலை பாக்கு, பாதைப்படகில் வாவி கடக்கக் காத்து நிற்கையிலும் ஒரு கூறு. சட்டத்தால் ஆகிற வேலையாக எனக்குத் தெரியவில்லை. வட்டாவில் இருந்துவிட்டுப் போகட்டும், எடுத்து வாயில் போடாதிருந்தால் சரி.

*

கண்ணாடி முன் ஒரு நிமிடம் போதும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே நுழையுங்கள். பெரும்பாலானோருக்கு நுழையும். நுழையாவிட்டால், கன்னத்தை ஊதிப் பாருங்கள், விசிலடித்துப் பாருங்கள், நாக்கை முழுக்க நீட்டிப் பாருங்கள்; இவையும் முடியாவிட்டால் பல் வைத்தியரிடம் போங்கள். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு இருந்தால் இரண்டு கிழமைக்குமேல் வைத்திருக்காமல் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் பெரும்பாலும் எரிவு மட்டும்தான், அதனால் எல்லாரும் மிளகாய்த் தூளைக் குற்றம் சொல்வார்கள்.

*

இறுகிய நார் பழையபடி இளகாது. பாக்கை விட்டால் மேலும் இறுகுவது குறையும், அவ்வளவுதான். கன்னத்தில் ஊசி போடுகிறார்கள். முற்றியவர்களுக்கு நாரை அறுத்துவிடுகிறார்கள். எதைச் செய்தாலும் பயிற்சி கட்டாயம். ஐஸ்பழக் குச்சி போன்ற தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, கொஞ்சநேரம் பிடித்து, பிறகு இன்னொன்றை நடுவில் செருகுவது. ஒரு குச்சி கூடுதலாக நுழையவே நாட்கள் பிடிக்கும். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் குச்சியை மூலையில் போட்டவர்களுக்கு வாய் மறுபடியும் கட்டிக்கொள்கிறது. வைத்தியர் எழுதிக் கொடுக்கிற மருந்தைவிட இந்தக் குச்சிக்குத்தான் வீட்டில் ஒருவர் காவல் நிற்க வேண்டும்.