கோடையை அறிந்த குளம்

தமிழ் மக்களுக்கும் நீர்நிலைக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. பிறந்த ஊரை நினைக்கும்போது கோயில் கோபுரத்துக்கு அடுத்தபடியாக நம் நெஞ்சில் நிற்பது அதன் குளமே. இயற்கைக் குன்றைப் போல மனிதர் அமைத்த மேட்டைச் 'செய்குன்று' என்றும், பொய்கை சூழ்ந்த அரச சோலையை 'இலவந்திகை' என்றும் நம் காப்பியங்கள் வழங்குகின்றன. ஆகவே, வீட்டுத் தோட்டத்திலே ஒரு நீச்சற்குளம் அமைத்து அதனை மலைச்சுனைபோலத் தோன்றச் செய்யவேண்டும் என்னும் ஆசை மேனாட்டார் நமக்குக் கற்றுத் தந்த புதுமை அன்று.

இன்று ஹைதராபாத்தின் மேற்குப் பகுதியில் எழும் தனி வீடுகள் சிலவற்றில் இந்த ஆசை உருப்பெற்று வருகிறது. ஆயினும் அங்கே நாம் காண்பது என்ன? சிமெண்டிலே வார்த்த பாறை; விசையைத் தட்டினால் விழும் அருவி; லாரியில் வந்து இறங்கும் தண்ணீர். மே மாதத்தில் நீர்மட்டம் ஒரு சாண் இறங்கிவிட்டால் நீல ஓடுகளும் குழாய் வாய்களும் வெளியே தெரிந்து, பொலிவெல்லாம் போய்விடுகிறது. இயற்கையைப் போல இருப்பது வேறு. இயற்கையோடு இசைந்து இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர விரும்புவோர் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நாம் குடியேறி வாழும் இந்நகரின் பழைய நீர்நிலைகளை ஒருமுறை சுற்றி வந்தாலே போதும்.

முதலில் இந்நிலத்தின் இயல்பை நோக்குவோம். ஹைதராபாத் கருங்கல்லின் மேல் அமர்ந்த நகரம். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையுடைய இப்பாறைகள் வெயிலாலும் மழையாலும் உருண்டு திரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தாற்போல நிற்கின்றன. வீடுகளுக்காக இவை வெடிவைத்துத் தகர்க்கப்படுவதைக் கண்டு வருந்திய அன்பர்கள் 1996இல் பாறைகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் நிறுவினர். இப்பாறை நிலத்தில் மேல் அடுக்கின் மட்கிய கல்லிலும், ஆழத்தில் உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நிலத்தடி நீர் தங்கும். ஆண்டு மழையோ ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபர் வரையில் பெய்துவிடும். எஞ்சிய மாதங்களுக்குச் சேமித்ததே செல்வம்.

இதனைக் குதுப்ஷாஹி மன்னர் நன்கு அறிந்திருந்தனர். இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில், 1562-63ஆம் ஆண்டுகளில், ஹுசேன் சாகர் ஏரி அமைந்தது. அவர் மகன் முகம்மது குலி சார்மினாரை எழுப்பியது 1591இல். எனவே நகருக்கு முன்பே ஏரி பிறந்துவிட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கோல்கொண்டாக் கோட்டையில் நீரை ஏற்றச் சக்கரங்களால் படிப்படியாக இறைத்து, சுட்ட மண்குழாய்களின் வழியே மேலே கொண்டு சென்றனர். கோட்டைக்கு அருகே குதுப்ஷாஹி மன்னரின் கல்லறைத் தோட்டம் உள்ளது. நம் பொருளுக்கு மிகவும் தேவையான பாடம் அங்கேதான் இருக்கிறது. அத்தோட்டத்துக்கு நீர் தந்த படிக்கிணறுகளை இவ்வூரார் 'பாவ்லி' என்பர். அவற்றுள் பெரியது 'படீ பாவ்லி'. 2013ஆம் ஆண்டின் மழையில் அதன் சுவர் ஒன்று சரிந்து விழுந்தது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் அது மீண்டும் எழுந்தது. கோல்கொண்டாப் படிக்கிணறுகளைப் புதுப்பித்த பணிக்கு 2022இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது.

அப்படிக்கிணற்றின் கரையில் நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மழைக்காலத்தில் நீர் உயர்ந்து படிகளை மூடுகிறது. கோடையில் இறங்கிப் படிகளைக் காட்டுகிறது. நிறைந்தபோதும் அழகு, குறைந்தபோதும் அழகு. நீர் குறையும் என்பதை முன்னரே அறிந்து கட்டியவர்கள் அதன் குறைவையும் அலங்காரமாக்கிவிட்டனர். நம் ஊர்க் கோயில் குளங்களின் படித்துறையும் இக்கருத்தில் எழுந்ததே அன்றோ?

அடுத்து, பழைய நகரில் உள்ள சௌமஹல்லா அரண்மனை. 1750ஆம் ஆண்டளவில் தொடங்கிய இதன் கட்டடப் பணி 19ஆம் நூற்றாண்டில் நிறைவெய்தியது. கிலவத் முபாரக் என்னும் பேரவை மண்டபத்தின் முன்னே நீண்ட நீர்த்தொட்டி ஒன்று உள்ளது. அது நீந்துவதற்கு அன்று, அதனருகே இருப்பதற்கு. மண்டபம், தாழ்வாரம், நிழல் யாவும் நீரை நோக்கியே அமைந்துள்ளன. நம்மவர் குளத்தின் நடுவே நீராழி மண்டபம் கட்டியதும், வீட்டின் முன்னே திண்ணை அமைத்ததும் இத்தகைய நோக்கத்தோடுதான். குளத்தில் நாம் நீந்துவது நாளில் அரைமணி நேரம். அதன் கரையில் அமர்ந்து பேசுவதோ மாலை முழுவதும். ஆதலின் குளத்துக்கு முன்பு திண்ணையைப் பற்றிச் சிந்திப்பதே முறை.

இனி, சிகந்தராபாத்தில் பன்சிலால்பேட்டைக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் படிக்கிணறு ஒன்று அங்கே பல ஆண்டுகள் குப்பையால் மூடுண்டு கிடந்தது. அக்குப்பை அகற்றப்பட்டு, கிணறு புதுப்பிக்கப்பெற்று, 2022 டிசம்பர் 5ஆம் நாள் திறக்கப்பட்டது. தூர் எடுத்ததும் ஊற்று மீண்டும் சுரந்தது. ஊற்று வற்றிவிடவில்லை, நாம்தான் அதை மூடி வைத்திருந்தோம். இதைக் காணும்போது மகிழ்ச்சியும் நாணமும் ஒருங்கே தோன்றுகின்றன.

இப்பாடங்களை வீட்டுக்குக் கொண்டு வருவோம். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரி 1.25 மீட்டர் ஆழமும் உள்ள குளம் 40,000 லிட்டர் கொள்ளும். 5,000 லிட்டர் லாரிகள் எட்டு வந்தால் அது நிரம்பும். கோடையில் நாளொன்றுக்கு ஒரு செண்டிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டால், நாள்தோறும் 320 லிட்டர், மாதத்தில் 9,600 லிட்டர் குறையும். அதே வீட்டின் மொட்டைமாடி 100 சதுர மீட்டர் பரப்புடையதாயின், ஆண்டு மழையில் 80,000 லிட்டர் அதன்மேல் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லிட்டர் கிடைக்கும். எனவே கணக்கு மாடியிலிருந்து தொடங்கவேண்டும். மழைநீரை வடிகட்டிச் சேர்க்க நிலத்தடித் தொட்டி வேண்டும். அதற்கு இடமோ பொருளோ இல்லையேல் குளத்தைச் சிறிதாக்குக. ஆழ்துளைக் கிணற்றை நம்பி அமைக்கலாகாது. ஒரே பாறை வெடிப்பின் நீரைப் பல வீடுகள் பகிர்ந்து உண்ணும் ஊர் இது. நம் பொய்கை நிறைவதால் அண்டை வீட்டு அடுப்பங்கரையில் குடம் வெறுமையாகுமானால், அது அழகாகாது.

தோண்டும்போது பாறை தென்பட்டால் அதை உடைக்க வேண்டாம். குளம் வளைந்து செல்லட்டும். வேறு கற்கள் இடுவதாயின், ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைந்திருக்குமாறு வைத்தால் அங்கேயே முளைத்தவை போலத் தோன்றும். கரையைச் செங்குத்தாக இறக்காமல் படிப்படியாக இறக்குக. நீர் குறையும் மாதங்களில் அப்படிகளே அழகு தரும். நடைபாதைக்குப் பளபளப்பான கல் ஆகாது, ஈரக்காலுக்கு வழுக்கும். சொரசொரப்பான கல்லே ஏற்றது. கறுப்புக் கல் மே மாத வெயிலில் காலைச் சுடும். வெளிர் நிறமே நல்லது.

நீரைத் தூய்மையாக்கக் குளோரின் ஒன்றே வழி என்பதில்லை. ஆஸ்திரியா நாட்டில் 1980களில் பரவிய முறை ஒன்று உண்டு. குளத்துக்கு அருகே, சற்று உயரத்தில், ஜல்லி பரப்பிய பாத்தியில் நீர்ச்செடிகளை வளர்ப்பர். சிறு பம்பு நீரை அப்பாத்திக்கு ஏற்றும்; அங்கே வேர்களும் அவற்றைச் சார்ந்த நுண்ணுயிர்களும் அழுக்கை உண்ண, தெளிந்த நீர் மீண்டும் குளத்தில் விழும். நம் நாட்டில் சம்பு, கோரை, வசம்பு, கல்வாழை ஆகியவை இதற்கு உதவும். பாத்தியின் பரப்பு நீந்தும் பரப்புக்கு ஏறக்குறைய ஒப்பாக இருத்தல் வேண்டும் என்பதால், மேலே கூறிய 8 மீட்டர் நீளத்தில் பாதியைச் செடிகளுக்கு ஒதுக்குவதே சிக்கனம். நீந்தும் குளத்தில் மீன் வேண்டாம்; அதன் கழிவு பாசிக்கு உரமாகும். நீர் ஓயாது இயங்கினாலே கொசு முட்டையிடத் தயங்கும்.

இந்நகரில் மழைக்காலக் காற்று மேற்கிலிருந்து வரும். ஆதலின் நீருக்குக் கிழக்கே தாழ்வாரம் அமைந்தால் குளிர்ந்த காற்று முகத்தில் படும். வேம்பும் புங்கமும் நல்ல நிழல் மரங்களே. எனினும் அவற்றின் சருகு நீரில் விழாத தொலைவில் நடுக. குழந்தைகள் உள்ள வீட்டில் குளத்தைச் சுற்றித் தாழிடக்கூடிய வேலி இன்றியமையாதது. செடிகளால் அதை மறைக்கலாம், விலக்கி வைக்கலாகாது.

நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்பவர்கள். அவர்களுக்கு இக்கட்டுரையால் என்ன பயன் என்று கேட்கலாம். குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் ஒரு சிறு அல்லிக்குளம், அதன் கரையில் ஒரு திண்ணை, மாடி மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ஒரு குழி ஆகிய மூன்றும் போதும். குடியிருப்போர் கூட்டத்தில் அடுத்த முறை நீச்சற்குளப் பேச்சு எழும்போது, அதற்கு நீர் எங்கிருந்து வரும் என்னும் கேள்வியை நம்மவர் ஒருவர் எழுப்புவாராக. மழை ஜூனில் வந்துவிடும். குழி வெட்ட மே மாதமே ஏற்ற காலம்.