கண்மாய்க் கரையில் ஒரு புல் பாடம்

நீலகிரியில் பிறந்து வளர்ந்தவள் நான். புல் என்றால் எனக்குக் குன்றைப் போர்த்திக்கொண்டு கிடப்பது. பனியில் நனைந்து வெயிலில் காய்வது. தேங்கிய நீரோரம் புல் எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டுமென்ற ஆசையில், ஒரு கார்த்திகை மாதம் மலையிறங்கி, கோவையில் பஸ் மாறி, மதுரை ஆரப்பாளையத்தில் வந்து இறங்கினேன்.

பையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. கூடவே 1921-ல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேட்டின் நகல். கோவை வேளாண் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ரங்காச்சாரியார், தடுலிங்க முதலியாரின் துணையோடு எழுதியது. நூறு ஆண்டு கடந்தும் சமவெளிப் புல்லை அறிய அதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நகரின் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாய். கரையேறியதும் எதிரே பச்சை, அதற்கப்பால் நீர், நீரில் நாமக்கோழிகள். முதல் பார்வையில் எல்லாம் ஒரே பச்சைதான். கரையிலிருந்து நீரை நோக்கி மெல்ல இறங்கியபோதுதான் அந்தப் பச்சை பிரியத் தொடங்கியது. ஈரம் கூடக் கூட ஆள் மாறுகிறது!

கரையின் மேட்டில் அருகம்புல். தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. தண்டின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து நான்கைந்து மெல்லிய கதிர்கள் விரிகின்றன. இலையும் தண்டும் சேரும் இடத்தைக் கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை மயிர் வரிசை ஒன்று தெரிகிறது. புல்லின் அடையாளச் சீட்டு அந்த மூட்டுதான். அங்கே சவ்வு இருக்கிறதா, மயிர் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று பார்த்தால், பூக்காத புல்லையும் ஓரளவு இனம் காணலாம். அந்தச் சவ்வை அல்லது மயிர் வரிசையைத் தாவரவியலார் லிக்யூல் என்கிறார்கள்.

இன்னும் நாலடி இறங்கினால் கோரை. தூரத்தில் புல் போலத்தான் நிற்கிறது. தண்டை இரு விரலுக்கிடையே உருட்டினால் உருள மறுக்கிறது, ஏனென்றால் அதற்கு மூன்று பட்டை. புல்லுக்குக் கணு உண்டு, கோரையின் தண்டில் கணு தெரிவதில்லை. புல்லின் தண்டு பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும், கோரையில் சோறு நிறைந்திருக்கும். புல்லில் இலைகள் இரண்டு வரிசை, கோரையில் மூன்று. உலகில் புல் குடும்பத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், கோரைக் குடும்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேல். இவ்வளவு பெரிய இரண்டு கூட்டத்தை, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பிரித்துவிட முடிகிறது என்பது என்னைச் சிலிர்க்க வைத்தது.

முழங்கால் நீரில் ஆளுயரம் நிற்பது சம்பு. அது புல்லும் அல்ல, கோரையும் அல்ல, இரண்டுக்கும் உறவான தனிக் குடும்பம். பழுப்பு நிறத்தில் உருளையாக நிற்பது பெண்பூக்களின் தொகுதி, அதற்கு மேலே ஒல்லியாக ஆண்பூக்கள். இரண்டுக்கும் நடுவே வெறும் தண்டு கொஞ்சம் தெரிந்தால் நம் சமவெளியின் சம்பு. ஒடிந்து கிடந்த இலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்ளே அறை அறையாகக் காற்று. சேற்றில் காற்று நுழையாது. வேருக்கு மூச்சை இலைதான் கீழே அனுப்ப வேண்டும். நீருக்குள் வாழ்பவை பலவும் பஞ்சுபோல இருப்பதன் காரணம் அதுதான்.

கண்மாய்க்குக் கீழே வயலில் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. வயதான ஓர் அம்மாள் நெல்லையும் களையையும் பார்க்காமலே பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. "எப்படி ஆத்தா கண்டுபிடிக்கிறீங்க?" என்றேன்.

"தொட்டுப் பாரு தாயி. நெல்லுன்னா இலை சேர்ற எடத்துல சவ்வும் மயிருமா ஏதாச்சும் தட்டுப்படும். இது மொழுமொழுன்னு இருக்கு பாரு. இதான் குதிரைவாலிப் புல்லு" என்று ஒரு கொத்தைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

கண்ணாடியில் பார்த்தேன். நெல்லுக்கு நீளமான, நுனி பிளந்த சவ்வும், மயிரடர்ந்த இரு காதுகளும் இருந்தன. குதிரைவாலிப் புல்லில் அந்த இடம் வெறுமை. கையேடு சொல்வதைத்தான் அவர் விரல் சொன்னது. நெல்லுக்கு நடுவே ஒளியும் இந்தக் களைக்கு உலக அளவில் ஒரு வரலாறு உண்டு. களையெடுக்கும் கை வேறாகத் தெரிந்ததைப் பிடுங்கியது, நெல்லைப் போலத் தெரிந்தது தப்பி விதை போட்டது. சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதிக் களைகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், இந்த வேடம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2019-ல் எழுதினார்கள். பெயர் தெரியாத எத்தனையோ பேரின் கூர்மையான பார்வை ஒரு புல்லின் உருவத்தையே மாற்றியிருக்கிறது.

மறுநாள் சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி வைகைக்குள் இறங்கினால், மணல் திட்டெல்லாம் நாணல். இலை குறுகலாக, நடுநரம்பு வெள்ளையாகத் தடித்து இருக்கும். பூங்கொத்து பட்டு மயிரோடு வெண்மையாக ஆடும். அகன்ற இலையும் பழுப்பேறிய கொத்தும் இருந்தால் அது நாணல் அல்ல, கொறுக்கை. நாணலின் இலை விளிம்பு விரலைக் கீறியது. அதில் படிந்திருக்கும் சிலிக்கா செய்கிற வேலை.

இந்த நாணலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் என்ற இரு அறிஞர்கள் தின்னும் கரும்போடு நாணலைக் கலப்பினம் செய்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளிவந்து வட இந்திய வயல்களுக்குச் சென்றது. இன்று உலகில் பயிராகும் கரும்பு பெரும்பாலும் நாணல் ரத்தம் கலந்ததே. அலங்காநல்லூர்ப் பக்கம் நிற்கும் கரும்புக்கும் வைகை மணலில் ஆடும் நாணலுக்கும் உறவு இருக்கிறது.

தொல்காப்பிய மரபியல், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் வகுத்தது. அந்தக் கணக்கில் மூங்கிலும் பனையும் தென்னையும் புல்தான். உருவத்தைத் தொட்டும் வெட்டியும் பார்த்து இனம் பிரிப்பது நமக்குப் புதிதல்ல.

ஆனால் கண்மாயைத் தூர்வாரும்போது கோரை, சம்பு, அருகு எல்லாவற்றையும் ஒன்றாகப் 'புதர்' என்று சொல்லி வழித்துவிடுகிறோம். அருகு போனால் கரை கரையும். கோரையும் சம்பும் போனால் தாழைக்கோழிக்குக் கூடு கட்ட இடமில்லை. அகற்ற வேண்டியவை சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும். எது எதுவென்று தெரிந்தவர் ஒருவராவது அந்தக் கரையில் நிற்க வேண்டும்.

உங்கள் ஊரிலும் ஒரு குளமோ கண்மாயோ இருக்கும். அடுத்த மழைக்குப் பின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். தண்டை உருட்டிப் பாருங்கள். இலை சேரும் மூட்டைப் பிரித்துப் பாருங்கள். களையெடுக்கும் பெண்களிடம் பெயர் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.