எஸ்கலேட்டர் யாருடையது?

ஒர்க் ஷாப்பில் நமக்கு முதலில் சொல்லித் தருவது என்ன? மெஷின் திடீரென்று நிற்காது. முதலில் சத்தம் மாறும், பிறகு சூடேறும், அப்புறம்தான் நிற்கும். ஷாப்பிங் காம்ப்ளெக்ஸும் அப்படித்தான்! எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கும் வளாகத்தை (பெயர் வேண்டாமே!) இரண்டு வருஷமாகக் கவனித்து வருகிறேன். அங்கே கண்ட அறிகுறிகள் இவை.

முதலில் வெளிச்சம். எலெக்ட்ரிகல் படிக்கிறவன் கண் தானாக மேலேதானே போகும்? வராந்தாவில் பாதி டியூப்லைட் எரியவில்லை. அடுத்தது எஸ்கலேட்டர். 'பழுது பார்க்கப்படுகிறது' என்று ஒரு போர்டு. நாளாக நாளாக அந்த போர்டையே பழுது பார்க்க வேண்டிய நிலை! மூன்றாவது, மேல் மாடி. ஜவுளிக்கடை இருந்த இடத்தில் 'எதை எடுத்தாலும் 99 ரூபாய்' வந்தது. அதுவும் போய் ஷட்டர் இறங்கியது. நான்காவது, கழிப்பறைக்குப் பூட்டு. குடும்பத்தோடு வருகிறவர்கள் அதன் பிறகு வருவதே இல்லை.

கீழ்த்தளத்தில் ஒரு டெய்லர் அண்ணன் இருக்கிறார். அவர் கடை மட்டும் எப்போதும் பளிச்சென்று இருக்கும். "வெளியில மட்டும் ஏண்ணே இப்படி?" என்று கேட்டேன்.

"தம்பி, இந்தக் கடை நான் விலைக்கு வாங்கினது. என் ஷட்டருக்கு நான் எண்ணெய் போடுறேன். எஸ்கலேட்டர் யாரோடதுன்னு சொல்லு, அவங்க போடுவாங்க!" என்றார்.

நோயின் வேர் அதுதான் என்று பட்டது. சென்னை அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1863-ல் தொடங்கிய ஸ்பென்சர் கம்பெனியின் பழைய கட்டடம் 1983-ல் தீயில் அழிந்தது. அந்த இடத்தில் 1990-களில் எழுந்த புதிய வளாகத்தைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். சுமார் 10 லட்சம் சதுர அடி! ஆனால் அங்கே கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டன. 2010-ல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூவும், 2013-ல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸும் வந்தன. இந்த மாதிரி புதிய மால்களில் கடைகளை வாடகைக்குத்தான் விடுகிறார்கள். எந்த மாடியில் எந்தக் கடை, எதை எப்போது புதுப்பிப்பது என்று ஒரே நிர்வாகம் முடிவு செய்கிறது. பல முதலாளிகள் உள்ள இடத்தில் அது அவ்வளவு சுலபமா? ஆன்லைன் வியாபாரமும் சேர்ந்துகொண்டது. ஸ்பென்சர் இன்றும் இயங்குகிறது. ஆனால் அந்தப் பழைய கூட்டம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 100 கடைக்குப் பொதுச் செலவு மாதம் 1 லட்சம் என்றால் ஆளுக்கு 1,000 ரூபாய். 40 கடைகள் பூட்டி, அவர்கள் பணம் கட்டாவிட்டால்? மீதி 60 பேருக்கு ஏறக்குறைய 1,667 ரூபாய்! வராந்தா நீளம் குறையாது, விளக்கின் எண்ணிக்கை குறையாது. பாரம் தாங்காமல் இன்னும் நாலு பேர் பூட்டுவார்கள். வெளிச்சம் இன்னும் குறையும், கூட்டமும் குறையும். தன் ஆயுள் சேமிப்பை அந்தக் கடையில் போட்டிருக்கும் டெய்லர் அண்ணன் எங்கே போவார்? ஃபேன்சி ஸ்டோரில் நின்று வேலை பார்க்கும் அக்காக்கள் எங்கே போவார்கள்?

போன தீபாவளிக்கு முன்னால் அந்த அண்ணனே வீடு வீடாக... இல்லை, கடை கடையாக ஏறி இறங்கினார். 18 பேர் பணம் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரும், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவருக்கு உதவியாக நின்று, கீழ்த்தள வராந்தா முழுக்க எல்.இ.டி. விளக்கு மாட்டினோம். கூலியாக டீயும் வடையும்! அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. எஸ்கலேட்டர் இன்னும் ஓடவில்லை. ஆனால் சாயங்காலத்தில் ஏழு மணிக்கே மூடிக்கொண்டிருந்த கடைகள் இப்போது ஒன்பது மணி வரை திறந்திருக்கின்றன. கழிப்பறைப் பூட்டைத் திறக்க அடுத்த வசூல் நடக்கிறது.

நம் ஹாஸ்டல் தண்ணீர்க் குழாயும், லேப் மல்டிமீட்டரும், ஏன், இந்த மாணவர் பேரவையும்கூட அந்த வராந்தா மாதிரிதான். யாருடையது என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவோம். குழாய் சொட்டுவதைப் பார்த்தால், "வார்டன் பார்த்துக்குவார்" என்று தாண்டிப் போகாதீர்கள். ஒரு வாஷர் என்ன விலை, நண்பர்களே?