ஏட்டாறும் ஊராறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்து வளர்ந்த எமக்கு ஆறு என்பது ஏட்டிலே கண்ட பொருள். குடாநாட்டில் ஆறென்று சொல்ல வழுக்கியாறு ஒன்றே உண்டு. அதுவும் மாரி கழிந்தால் வெறுந்தரை. ஆகவே, நம் கல்லூரி வகுப்பறையிலே தமிழாசிரியர் பரிபாடலில் வரும் வையையை விரித்துரைத்தபோது, கிணற்று நீரையே கண்டிருந்த எம் கண்முன் புதுப்புனல் பொங்கிற்று. அவ்வாற்றை ஒருமுறையேனும் நேரிற் காணவேண்டும் என்ற வேட்கை அன்றே எம் உள்ளத்தில் வேரூன்றியது.

2014 ஆம் ஆண்டு மதுரைக்குச் செல்லும் பேறு வாய்த்தது. மீனாட்சியம்மையை வணங்கிய கையோடு வையைக்கு விரைந்தோம். ஆங்குக் கண்டது யாது? பரந்த மணல், நடுவே ஒடுங்கிய நீரோட்டம், அதிலே படுத்திருந்த எருமைகள், கரையிலே காயவிட்ட துணிகள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குதற்கும் வைகை அணையிலிருந்து நீர் திறந்துவிடுவது வழக்கம் என்றார் உடன்வந்தவர். பாலத்தின்மீது சிறிது நேரம் நின்று, பெருமூச்செறிந்து மீண்டோம். கரையில் இறங்கி ஓரடியேனும் நடந்தோமில்லை.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற யாம், பின்னர்க் கனகராயன்குளத்திலே தமிழ் கற்பிக்கலானோம். 2019 ஆம் ஆண்டு ஆவணியில், ஒன்பதாந் தர மாணவர்க்கு ‘ஆற்றங்கரையில் ஓர் உலா’ எனும் பொருளிற் கட்டுரை எழுதப் பணித்தோம். கொப்பிகள் வந்தன. அவற்றிலெல்லாம் அன்னம் நீந்திற்று, தாமரை மலர்ந்தது, தோணிகள் மிதந்தன. ஒரு கொப்பியில் மட்டும், “எங்கள் ஆற்றில் இப்போது தண்ணீர் இல்லை. யானை தோண்டிய குழியில் வண்ணாத்திப்பூச்சிகள் தண்ணீர் குடிக்கும்” என்றிருந்தது. ‘கற்பனை போதாது’ எனச் சிவப்பு மையால் எழுதிப் பதினைந்துக்கு ஐந்து புள்ளியிட்டோம்.

மறுநாள் அம்மாணவன் எம் மேசையருகே தயங்கி நின்றான். “சேர், அது கற்பனையில்லை. கண்டதைத்தான் எழுதினனான். வாங்கோ, காட்டுறன்” என்றான். அவன் குரலில் துடுக்கில்லை; வருத்தமே இருந்தது. அதனால் எம்மால் மறுக்க இயலவில்லை.

சனிக்கிழமை காலை, அவன் தந்தையார் வழிகாட்ட, கனகராயன் ஆற்றுக்குச் சென்றோம். இரணைமடுக் குளத்தை நிறைத்து, வடக்கே சுண்டிக்குளம் கடனீரேரியிற் கலக்கும் ஆறு அது. அன்று அது மணலாகவே கிடந்தது. இருகரையிலும் மருத மரங்கள் வேர்களாற் கரையை இறுகப் பற்றி நின்றன. எம் தலைக்கு மேலே, எட்டாத கிளையொன்றில், காய்ந்த வைக்கோலும் கிழிந்த பாயொன்றும் சிக்கித் தொங்கின. “போன மார்கழி வெள்ளம் கொண்டந்தது” என்றார் தந்தையார். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்கச் செய்த பெருவெள்ளத்தின் சுவடு அது! யாம் நின்ற மணல் அன்று ஆற்றின் அடித்தளம்.

சிறிது நடந்ததும் மாணவன் எம் கையைப் பற்றி நிறுத்தினான். யானை தோண்டிய குழி. அதனடியில் ஒரு சிரங்கை நீர். ஈரமணலைச் சுற்றி மஞ்சள் வண்ணாத்திப்பூச்சிகள் இதழ் உதிர்த்தாற்போல் அமர்ந்திருந்தன. நீரோடு மண்ணின் உப்பையும் அவை உறிஞ்சும் என்பதைப் பின்னரே அறிந்தோம். தந்தையார் சிரட்டையால் மணலைத் தோண்டினார். முழ ஆழத்தில் நீர் ஊறியது. தெளியவிட்டுப் பருகினோம்.

அப்போது அவர் சொன்னார்: “2008 இலை ஊரை விட்டு வெளிக்கிட்டம். திரும்பி வந்தாப்பிறகும் மிதிவெடிப் பலகை நிண்டது. பிள்ளையளை இந்தப் பக்கம் விடேல்லை. இவன் ஏழு வயசிலைதான் முதன்முதல் இந்த மணலிலை கால் வைச்சவன்.”

யாம் தலைகுனிந்தோம். நெடுநாள் தடுக்கப்பட்டிருந்த ஆற்றை ஒரு பிள்ளை ஆசையோடு பார்த்து எழுதினான். யாமோ அவனிடம் அன்னத்தைக் கேட்டோம்!

திங்கட்கிழமை, அக்கொப்பியில் எழுதியதை வெட்டிவிட்டு, ‘கண்டு எழுதினாய், நன்று’ எனத் திருத்திப் பதின்மூன்று புள்ளியிட்டோம். வகுப்பாரிடம் எம் பிழையையும் கூறினோம். அன்று தொட்டு, ஆற்றைப் பற்றி எழுதச் சொல்லுமுன் பெற்றோர் துணையோடு ஆற்றுக்குப் போய்வரச் சொல்கின்றோம்.

ஏட்டிலே வையையைக் காட்டிய நம் கல்லூரி ஆசானுக்கும், மணலிலே ஆற்றைக் காட்டிய மாணவனுக்கும் யாம் கடன்பட்டுள்ளோம். மீண்டும் மதுரைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டுமாயின், பாலத்தின்மேல் நின்று திரும்போம், இறங்கி நடப்போம்.