தண்ணீருக்கடியில் தேன்நிலவு... எந்தக் கடலைத் தேர்ந்தெடுப்பது?

கண்டரமாணிக்கத்தில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் தெரியாது. கண்மாய் தெரியும், பூட்டிக் கிடக்கும் பெரிய பெரிய வீடுகள் தெரியும். ஆனால், செட்டிநாட்டு வீடுகளுக்குள் கடல் இருக்கிறது. தூணாக நிற்கும் தேக்கு, பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. கை வைத்தால் வழுக்கும் வெள்ளைச் சுவரில் கடற்சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு இருக்கிறது. கொண்டுவிக்கப் போனவர்களின் ஊர் இது. கடல் என்றால் இங்கே பிழைப்புக்கான பாதை.

இந்தத் தலைமுறைக்கு அது தேன்நிலவுக்கான இடமாகிவிட்டது. இங்கே கல்யாணமான என் பெரியம்மா மகளுக்கு ஸ்கூபா டைவிங் ஆசை. மாப்பிள்ளைக்கு நீச்சலே தெரியாது. "கடலுக்கு மேல போனவுகளப் பார்த்திருக்கேன், அடியில போறவுகள இப்பத்தான் பார்க்குறேன்" என்று சிரித்தார் அப்பத்தா. அக்கா என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். "நாங்க போயிட்டு வந்ததால அந்த இடம் கெட்டுப்போயிடக் கூடாது. பத்திரிகையிலதானே இருக்கே, விசாரிச்சுச் சொல்லு!"

முதலில் அவர்கள் மனதில் இருந்தது தாய்லாந்து. அங்கே மாயா பே என்றொரு குட்டிக் கடற்கரை. 'தி பீச்' ஹாலிவுட் படத்தால் உலகப் புகழ்பெற்று, ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்த இடம். படகுகளின் நங்கூரமும் மனிதர்களின் கால்களும் பவளப்பாறைகளை நொறுக்க, 2018 ஜூனில் அரசு அதை இழுத்து மூடியது. திறந்தது 2022 ஜனவரியில். இப்போது படகுகள் அந்த விரிகுடாவுக்குள் நுழைய முடியாது. மூடியிருந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் கரையோரத்துக்குத் திரும்பி வந்தன. கடலுக்கு மருந்து வேண்டாம், நாம் கொஞ்ச நாள் தள்ளி நின்றாலே போதும் போல!

பவளம் கல் இல்லை, உயிர். கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து கட்டும் ஊர். உருண்டையாக வளரும் வகைகள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். செல்ஃபி எடுக்கிற அவசரத்தில் காலில் மாட்டிய துடுப்பு ஒரு தட்டு தட்டினால், உங்கள் அப்பா வயதுள்ள ஒரு பவளம் உடைந்து விழலாம். கடல்நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 2024 ஏப்ரலில், உலக அளவிலான நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

அப்படியென்றால் நம்மூர்க் கடல்? ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறைகள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என 1986-ல் அறிவிக்கப்பட்ட இடம். ஆனால், நினைத்தபடி போய் டைவ் அடிக்க அங்கே அனுமதி இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் பவளப்பாறைகளைப் பல காலம் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லாகவும் வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001-ல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. வான் தீவு அரிக்கப்படாமல் இருக்க, செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவருக்குச் சிப்பி, யார் வீட்டுச் சுவருக்கோ பவளம் என்று கடலிடம் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். அந்தத் தீவுகளை விட்டுவைப்பதுதான் நியாயம்.

லட்சத்தீவு? பங்காரம், கட்மத் தீவுகளில் டைவிங் உண்டு, நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும். 36 தீவுகளையும் சேர்த்தாலே நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். குடிநீரே அங்கே பெரும்பாடு. சமீப ஆண்டுகளின் வெளுப்பில் நிறைய பவளத்தை இழந்த இடம் என்பதால், நான் அதைத் தள்ளி வைத்தேன். திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவும் பட்டியலில் இருந்தது. இலங்கை அதை 2003-ல் தேசியப் பூங்கா ஆக்கியது. ஆழமே இல்லாத நீரில் பவளம் இருப்பதால், கூட்ட நாள்களில் அதன் மேலேயே ஏறி நிற்பவர்கள் உண்டு. புதிதாகக் கற்பவர்களுக்கு அது வேண்டாம்.

மிஞ்சியது அந்தமான். சென்னையிலிருந்து நேரடி விமானம், ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை தெளிந்த கடல். ஏப்ரல் கடைசி, மே மாதங்களைத் தவிர்க்கச் சொன்னேன். 2010-ல் அந்தமான் பவளங்கள் மோசமாக வெளுத்தது அந்தச் சூட்டில்தான். ஏற்கெனவே காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கக் கூட்டமாகப் போகலாமா?

ஸ்வராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், டைவிங் மையங்கள் நிறைய. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். போன் போட்டு விலை கேட்கும் முன் அக்கா இதைக் கேட்டாள்: "படகை நங்கூரம் போட்டு நிறுத்துவீங்களா, மிதவையில கட்டுவீங்களா?" நங்கூரம் விழும் இடத்தில் பவளம் இருந்தால் நொறுங்கும். மிதவை என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? மீனுக்கு பிஸ்கட், ரொட்டி போட்டுக் கூட்டம் சேர்ப்பீர்களா? நட்சத்திரமீனைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்துத் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமா மேடம், சூப்பரா எடுத்துத் தருவோம்" என்று சந்தோஷமாகச் சொன்ன இடத்தை அப்போதே விட்டுவிட்டாள்.

நீச்சல் தெரியாத மாப்பிள்ளையும் போகலாம். முதல்முறை போகிறவர்களை, பயிற்சியாளர் கூடவே பிடித்தபடி அதிகபட்சம் 12 மீட்டர் வரை கூட்டிப்போகிறார். ஆஸ்துமா, இதய நோய், காதுப் பிரச்னை இருந்தால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நான் சொன்னது இன்னொன்று: முன்னதாகவே புதுச்சேரியிலோ சென்னையிலோ நீச்சல்குளத்தில் மூச்சுவிடப் பழகிவிட்டால், பவளத்தின் மேல் தடுமாறி விழுவது குறையும்.

சன்ஸ்கிரீனில் ஆக்ஸிபென்சோன் இருக்கிறதா என்று பாருங்கள். அது கலந்தவற்றை ஹவாயில் 2021 முதல் விற்கக் கூடாது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் கிரீம் பாதி மிச்சம். இன்னொரு முக்கியமான விஷயம், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். அந்த ஒரு நாளுக்கு வண்டூர் சரியான இடம். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளை மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். ஒன்று திறந்திருந்தால் மற்றதற்கு ஓய்வு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் உள்ளே போக முடியாது. திரும்பும்போது ஞாபகத்துக்கு என்று பவளத் துண்டு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

அந்தமான் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கும் ஒரு கடல் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, தொண்டி வழியாகப் போனால் காரங்காடு. வனத்துறையோடு சேர்ந்து ஊர் மீனவர்களே அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள், கயாக் உண்டு. கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதந்தபடி கடற்புல்லையும் பார்க்கலாம். அதே பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகம் என அறிவித்தது. கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். நீங்கள் கட்டும் படகுக் கட்டணம், அந்தக் காட்டைக் காக்கும் ஊர்க்காரர்களுக்கே போகிறது.